ரேமை விடுங்க... மரையைப் பாருங்க!

ராத்திரி பதினோரு மணி. சாலிட்வொர்க்ஸில் ஒரே ஒரு அளவை மாத்திட்டு, கர்சர் சுத்துறதையே வெறிச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்களா? வாங்க பாஸ், நீங்க நம்ம கட்சி!

போன வாரம் என் ரூம்மேட்டுக்கு இதே கதை. கியர்பாக்ஸ் ஹவுஸிங் டிசைன் பண்றான். சுவர் தடிமனை 8 மில்லிமீட்டரில் இருந்து 10-க்கு மாத்தினா, ரீபில்டு ஆகுறதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம். ரெண்டு நாளில் ப்ராஜெக்ட் ரிவ்யூ. ‘ரேம் பத்தலைடா... அப்பாகிட்ட பணம் கேட்கப்போறேன்’னு செல்போனை எடுத்துட்டான். அவங்க அப்பா இந்த லேப்டாப்புக்கே இன்னும் தவணை கட்டிட்டு இருக்கார். ‘அஞ்சு நிமிஷம் பொறுடா’னு போனைப் பிடுங்கி வெச்சேன்.

முதல்ல, எப்போ ஸ்லோ ஆகுதுனு கவனிங்க. மாடலைத் திருப்பும்போது திக்கினா, கிராஃபிக்ஸ் மேல சந்தேகப்படலாம். ஓபன், சேவ் மட்டும் இழுத்தா, ஃபைல் எங்கே இருக்குனு பாருங்க. (பென்டிரைவில் இருந்தே நேரா ஓபன் பண்ற புண்ணியவான்கள் எங்க லேப்ல நிறைய!) இவனுக்கு ரெண்டும் ஓகே. அளவை மாத்தினா மட்டும்தான் மூச்சுத்திணறல்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். 16 ஜி.பி. மெமரியில் பாதிகூட நிரம்பலை. சி.பி.யூ. 13 சதவிகிதம். ‘பாரு, சிஸ்டம் சும்மாதான் இருக்கு’ன்னான். இங்கேதான் நாம ஏமாறுறோம். அவன் லேப்டாப்பில் எட்டு லாஜிக்கல் பிராசஸர். நூறை எட்டால வகுத்தா 12.5. அதாவது, ஒரு ஆள் முழு மூச்சா முக்கிட்டு இருக்கார். மத்த ஏழு பேரும் வேடிக்கை பார்க்கிறாங்க!

காரணம் சிம்பிள். எட்டு கொத்தனார் நின்னாலும் கீழ் வரிசை செங்கல் வைக்காம மேல் வரிசை வைக்க முடியுமா? கேட் மாடலும் அப்படித்தான். ஒரு ஃபீச்சர் முடிஞ்சாதான் அதை நம்பியிருக்கிற அடுத்தது. இதுக்குப் போய் ரேம் வாங்கிப் போட்டு என்ன பிரயோஜனம்?

அடுத்து, சாலிட்வொர்க்ஸிலேயே இருக்கிற ‘பெர்ஃபாமன்ஸ் எவால்யூவேஷ’னை க்ளிக் பண்ணினோம். எந்த ஃபீச்சர் எவ்வளவு நேரம் தின்னுதுனு பெருசுல இருந்து சிறுசு வரை பட்டியல் போட்டுக் கொடுத்துடும். உச்சியில் உட்கார்ந்திருந்தது... மரை! மூடியை மாட்டுற 24 எம்8 ஓட்டைகளிலும், அழகா இருக்கட்டுமேனு நிஜ மரையையே வெட்டி வெச்சிருக்கான் மகராசன். புரியிடை தூரம் 1.25 மி.மீ., ஆழம் 20 மி.மீ. ஒரு ஓட்டைக்கு 16 சுத்து, மொத்தம் 384 சுத்து. சுவரைத் தொட்டாலே அத்தனையையும் திரும்ப வெட்டுது.

ஒர்க்‌ஷாப்பில் யாரும் இந்த மரையைப் பார்த்து வெட்டப் போறதில்லை. டிராயிங்கில் ‘எம்8’னு இருந்தா டேப்பை எடுத்துப் போட்டுடுவாங்க. அதனால மரையைத் தூக்கிட்டு, ஹோல் விஸார்டில் ‘காஸ்மெடிக் த்ரெட்’ கொடுத்தோம். வெறும் அடையாளம்தான், சுமை கிடையாது. (3டி பிரின்ட் எடுக்கிறவங்களுக்கு மட்டும் நிஜ மரை வேணும். அவங்க வேலை முடியுற வரைக்கும் அதை சப்ரஸ் பண்ணி வெச்சுக்கலாம்.)

10-ஐ மறுபடி 8 ஆக்கினான். கர்சர் ஒரு சுத்து சுத்தி நின்னுடுச்சு. பய முகத்தைப் பார்க்கணுமே!

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அப்பாவுக்கு அடிச்சான். ‘சும்மாதாம்ப்பா... சாப்பிட்டீங்களா?’ன்னான்.