இடிப்பவர் யார்?

யாழ்ப்பாணக் கோட்டை வெளியிலிருந்து புறப்பட்டுப் பிரதான வீதி வழியாகச் சுண்டிக்குளி வரை ஒருவர் நடந்து செல்வாராயின், அகன்ற விறாந்தையும் பருத்த தூண்களும் உயர்ந்த ஓட்டுக்கூரையும் உடைய பழைய வீடுகள் சில இன்னும் நிற்கக் காண்பார். ஒல்லாந்தர் கால அமைப்பைத் தழுவி எழுந்தவை அவை. சில ஆண்டுகள் கழித்து அதே வழியே அவர் மீண்டும் வருவாராயின் அவற்றின் தொகை குறைந்திருக்கும். குண்டு விழுந்து குறைந்ததன்று. எவரும் தீ வைத்ததுமன்று. உடையவரே கூலியாள் அமர்த்தி இடித்ததனால் குறைந்தது.

நமது நகரம் அழிக்கப்பட்ட வரலாற்றை நாம் மறந்தோமல்லோம். மறக்கவும் மாட்டோம். 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில், ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்து, 1959 இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் இருபத்திரண்டு ஆண்டுகளே முழுமையாக வாழ்ந்தது. கோட்டையினுள்ளே 1706 இல் ஒல்லாந்தர் எழுப்பிய சிலுவை வடிவத் தேவாலயம் 1990 ஆம் ஆண்டுக் கோட்டைப் போரை அடுத்துக் கற்குவியலாயிற்று. நகர மண்டபம் போயிற்று. பழைய கச்சேரி கூரையிழந்து சுவர்களாய் நின்றது. புகையிரதம் 1990 யூன் மாதத்தோடு நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் ஊரே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது இந்த வீதிகளில் நாய்களும் காகங்களுமே எஞ்சின. 1981 இல் மாநகர எல்லைக்குள் 118,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 88,000 பேரளவிலேயே இருந்தனர்.

இவற்றையெல்லாம் மேடைதோறும் எடுத்துரைக்கின்றோம். உரைப்பது நியாயமே. ஆனால் 2009 இன் பின்னர் இடிந்தவற்றுக்கு யாரைக் குற்றஞ்சாட்டப் போகின்றோம்?

போர் ஓய்ந்தது, பாதை திறந்தது, 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் வந்தது. வெளிநாட்டுப் பணமும் வங்கிக் கடனும் வந்தன. ஆஸ்பத்திரி வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் மாடிகள் உயர்ந்தன. இவற்றை நாம் வெறுக்கவில்லை. இருபது ஆண்டு இருளில் கிடந்த ஊரிலே கடைக்கு விளக்கெரிவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் முகப்பு முழுவதும் கண்ணாடி பதித்து, சித்திரை வெயிலை உள்ளே அழைத்து, பின்னர் அதனைத் துரத்தக் குளிரூட்டி பொருத்தி மாதந்தோறும் மின்சாரக் கட்டணம் இறுக்கும் புத்திசாலித்தனம் எந்த நாட்டிலிருந்து வந்ததென்பது நமக்கு விளங்கவில்லை.

பழைய வீட்டைக் கட்டியவர் இந்த வெயிலை அறிந்தவர். முற்றத்தைச் சுற்றி நான்கு சார்புகள் இறக்கிய நாற்சார் வீட்டில் காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் போகும். மாரிநீர் பீலி வழியாகத் தொட்டிக்கோ கிணற்றடிக்கோ செல்லும். சுவர் சுண்ணாம்பு, கூரைக்கு வைரமேறிய பனையின் வளையும் சலாகையும். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் எழுதுவினைஞராயும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராயும் உழைத்துப் பென்சன் பெற்றுத் திரும்பியவர்கள் கட்டிய வீடுகள் மற்றொரு வகை; வாசற்படியிலும் யன்னற் கம்பியிலும் அவர்கள் கண்டுவந்த கடல்கடந்த ஊரின் சாயல் தெரியும். 1950 இல் காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியபின் சுண்ணாம்புச் சூளைகள் மெல்ல அவிந்தன. சுண்ணாம்பு அரைக்கவும் பூசவும் அறிந்த மேசன்மார் இன்று அரியர். வீடு போவதற்கு முன்னமே கைத்தொழில் போயிற்று என்பதே உண்மை.

இது பட்டணத்தாரின் கவலை, கமக்காரருக்கு இதில் யாது எனக் கேட்கலாம். வேலியை எடுத்துக்கொள்வோம். ஒருகாலத்தில் நகரத்தின் ஒழுங்கைகளிலும் கிடுகு வேலியும் பனையோலை வேலியுமே இருந்தன. கதியாலாக நின்ற பூவரசும் கிளுவையும் குழையாக வயலுக்கும் தோட்டத்துக்கும் சென்றன. இத்துப்போன ஓலையும் புகையிலைத் தோட்டத்து மண்ணில் தாழ்க்கப்பட்டுப் பசளையாயிற்று. பட்டணத்து வேலி அடைப்பு கிராமத்துக்கு வேலையும் எருவும் கொடுத்தது. இன்று வேலி மதிலாயிற்று. மதில் பாதுகாப்பானதுதான், ஒவ்வோராண்டும் அடைக்க வேண்டியதில்லை. ஆனால் அது குழை தராது. குழைக்குப் பதிலாக இறக்குமதி உரப்பை வந்தது. அந்த உரம் மண்ணூடே இறங்கிக் கிணற்றைச் சேர்ந்தது.

நீரின் கதை இன்னும் பாரதூரமானது. குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. மாரி பெய்து, சுண்ணக்கல்லின் வெடிப்பூடே இறங்கி, கீழுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும் நன்னீரே நமது கிணறு. இதற்காகவே முன்னோர் ஊர்தோறும் குளந்தொட்டனர், நகரத்தினுள்ளும் தொட்டனர். ஆரியகுளம் அண்மையில், 2021 இல், துப்புரவாக்கப்பட்டது, செய்தவர்களைப் பாராட்டுகின்றோம். புல்லுக்குளமோ சுற்றிலும் எழுந்த கட்டடங்களுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கின்றது. வேறு சில குளங்கள் பெயரளவில் ஒழுங்கைப் பலகையில் மட்டும் வாழ்கின்றன. குளத்தைத் தூர்த்து, வெள்ளவாய்க்காலின்மேற் கடை கட்டி, வளவு முழுவதற்கும் சீமெந்து போட்டபின் மழைநீர் எங்கே போகும்? 2020 டிசம்பரிலும் 2024 நவம்பரிலும் புயல்மழை பெய்தபோது அது வீடுகளுக்குள் வந்தது. நிலத்துள் இறங்கியிருக்க வேண்டிய நீர் வாசற்படி ஏறிப் பின் கடலுக்குப் போயிற்று. பங்குனியிலே தோட்டக் கிணறு உவர்க்குமாயின் அதற்குக் காரணம் கமக்காரர் இறைத்தது மாத்திரமன்று.

நகரத்தின் மாற்றத்தைப் பேசுங்கால் சோனகத் தெருவை விட்டுவிட்டுப் பேசுவோர் உளர். நாம் அவ்வாறு செய்யோம். 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் சில மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஆளில்லா வீடுகளின் ஓடும் நிலையும் கதவும் பின்னர் எவ்வாறு மறைந்தன என்பதை அயலிலிருந்தோர் அறிவர். திரும்பி வந்தோரிற் பலர் கூரையற்ற சுவர்களையும் சுவர்களினுள்ளே வளர்ந்த மரங்களையும் கண்டனர். நூலகத்துக்கு அழுத கண் அந்தச் சுவர்களையும் பார்க்க வேண்டும்.

இனி, உடையவர் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். பாட்டனாரின் வீட்டுக்கு உரித்தாளிகள் எழுவர். ஒருவர் ஊரில், மற்றோர் கனடாவிலும் இலண்டனிலும். ஓடு மாற்றவே இலட்சங்கள் வேண்டும். இருக்க ஆளில்லை. அற்றோணித் தத்துவம் பெற்ற ஒருவர் காணியை விற்கின்றார். வாங்கியவர் தாம் கொடுத்த விலைக்கேற்ப நான்கு மாடி கட்ட எண்ணுகின்றார். இதிலே பாதகம் செய்தவர் என எவரைச் சுட்டுவது? எல்லா வீட்டையும் காப்பாற்று என்று சொல்லும் பேதைமை நமக்கில்லை. எதை இழக்கின்றோம் என்று எழுதி வைக்காமலே இழக்கின்றோமே, அதுதான் நமது முறைப்பாடு.

தொல்பொருட் திணைக்களம் இருக்கின்றதே, 1940 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கின்றதே என்பர் சிலர். குருந்தூர் மலையிலும் வெடுக்குநாறி மலையிலும் அத்திணைக்களத்தின் நடத்தையைக் கண்ட நம் மக்கள், அதன் பலகை தம் வளவில் நாட்டப்படுவதைவிட வீட்டை இடித்துவிடுவது மேல் எனக் கருதுவதில் வியப்பில்லை. சட்டத்தின் பெயராற் காணி பறிபோகுமென்ற அச்சம் இருக்கும்வரை கொழும்பிலிருந்து வரும் பாதுகாப்பை எவரும் வரவேற்கமாட்டார். இடைநடுவிலே நலிவது கட்டடம். நல்லூர் மந்திரிமனையைப் பாருங்கள். இன்றுள்ள கட்டடம் அரசர் காலத்ததன்று, பிற்காலத்தது; எனினும் இராசதானி இருந்த இடத்தின் நினைவாக எஞ்சிய சிலவற்றுள் ஒன்று. 2025 இல் பெய்த மழையில் அதன் ஒரு பகுதி சரிந்து வீழ்ந்தது. கூரையின் ஓட்டையை அடைத்திருந்தாற் போதுமாயிருந்த காலமும் ஒன்று இருந்தது.

ஆகவே இக்கடமை உள்ளூராட்சியினதே. 1949 முதல் மாநகர சபை நமக்குண்டு. 2023 மார்ச்சில் முன்னைய சபையின் காலம் முடிந்து ஈராண்டு ஆணையாளரின்கீழ் இருந்தபின், 2025 மே மாதத்தில் மக்கள் வாக்களித்து ஒரு சபையைத் தெரிந்துள்ளனர். முதல்வர் பதவி எந்தக் கட்சிக்கு என்று வாதிட்ட நேரத்தில் ஒரு சிறு பங்கை இதற்குச் செலவிடுமாறு உறுப்பினரை வேண்டுகின்றோம். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு ஓர் இடாப்பு வேண்டும். இடிக்க அனுமதி கேட்பவர், இடிக்குமுன் அளந்து வரைந்த படமும் புகைப்படமும் சபைக்குக் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு இதனைச் செய்விக்கப் பெருஞ்செலவு பிடியாது. பழைய முகப்பைக் காத்து உள்ளே புதுக்குபவருக்குச் சோலைவரியிற் சலுகை கொடுக்கலாம். குளங்களுக்கும் வெள்ளவாய்க்கால்களுக்கும் எல்லைக்கல் நாட்டி, அவற்றின்மேல் எழும் கட்டடம் எவருடையதாயினும், சபை உறுப்பினரின் மைத்துனருடையதாயினும், அனுமதி மறுக்க வேண்டும்.

வாசகர்களில் நொத்தாரிசுமாரும் பொறியியலாளரும் பலர் உளர். உறுதி முடிக்க வருபவரிடம் அந்த வீட்டின் ஒரு படத்தையேனும் கேட்டு வாங்கி நூலகத்துக்குக் கொடுக்க அவர்களுக்கு எந்தச் சபையின் தீர்மானமும் வேண்டியதில்லை. கிணற்றடியிற் கிடக்கும் பழைய ஓலை உறுதிகளையும் காணி வரைபடங்களையும் கறையானுக்கு விடாதிருக்குமாறு கமக்காரரையும் கேட்டுக்கொள்கின்றோம். தூர்ந்த குளத்தின் எல்லையும் மறைந்த வாய்க்காலின் போக்கும் இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்தக் கடதாசிகளிலேதான். வரவுசெலவுத்திட்டக் கூட்டத்துக்குமுன் இவற்றைச் சபையின் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் எவராயினும் இப்பத்திரிகை அவர்பக்கம் நிற்கும்.