ஏரியா உலா: சுவருக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பியர் தொட்டி... பெங்களூரு இந்திரா நகர் இரவுகள்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரு இந்திரா நகர் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால், யாரிடமும் வழி கேட்க வேண்டாம். ஐ.டி கார்டைக் கழற்றிப் பைக்குள் திணித்தபடி நடக்கிற இளைஞர் கூட்டமே 100 அடி ரோட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வேலைக்காக பெங்களூரு போன நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் இந்த ரோடு அத்துப்படி. காரணம், கிராஃப்ட் பியர் பார்கள்.

அது என்ன கிராஃப்ட் பியர்? பாட்டில் பியர் பெரிய ஆலையில் தயாராகி, லாரியேறி ஊர் ஊராகப் போவது. இது குடிக்கிற இடத்திலேயே காய்ச்சப்படுவது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆளுயரத்தைத் தாண்டிய ஸ்டீல் தொட்டிகள் வரிசையாக நிற்கும். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிடுகிறார்கள். கசப்பும் வாசனையும் அந்தப் பூவின் உபயம். நம் வீட்டு இட்லி மாவு ஒரே ராத்திரியில் பொங்கிவிடும்; இதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். மாம்பழம், கேழ்வரகு போட்டும் காய்ச்சிப் பார்க்கிறார்கள். கேழ்வரகை இத்தனை நாள் கூழாக மட்டுமே பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். (எந்தப் பூ போட்டாலும் மது உடலுக்குக் கேடு என்பதில் மாற்றமில்லை.)

இந்திரா நகர் முன்பு இப்படி இருந்ததில்லை. 1970-களின் கடைசியில் பெங்களூரு வளர்ச்சி ஆணையம் மனை பிரித்து உருவாக்கிய குடியிருப்பு இது. பெயர், இந்திரா காந்தியுடையது. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளும் பொதுத்துறை ஊழியர்களும் தோட்டத்தோடு வீடு கட்டிக் குடியேறினார்கள். பக்கத்திலேயே அல்சூர். கன்டோன்மென்ட் காலத்திலிருந்து தமிழர்கள் வாழும் பகுதி. 18 ஆண்டுகள் மூடிவைக்கப்பட்டு 2009-ல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே எழுதியவர் நிற்கும் இடத்திலிருந்து இந்த பார்களுக்கு ஆட்டோவில் போய்விடலாம்!

2010-ல் 100 அடி ரோட்டில் டாய்ட் என்ற ப்ரூபப் வந்தது. 2011 அக்டோபரில் பெங்களூருவின் முதல் மெட்ரோ இதே பகுதி வழியாக ஓடத் தொடங்கியது. அதன்பிறகு பேட்டையின் முகமே மாறிவிட்டது. பியர் காய்ச்சத் தொட்டிகள் வேண்டும், தொட்டிகளுக்கு விசாலமான இடம் வேண்டும். தோட்டத்தோடு கூடிய பழைய பங்களாக்களைவிட வேறென்ன தோதான இடம்? வயதான பெற்றோர், வெளிநாட்டில் பிள்ளைகள், பராமரிக்க முடியாத வீடு. அந்த நேரத்தில் பெரிய வாடகை தேடி வந்தால் வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? தூக்கம் போச்சு என்று புகார் சொல்கிறவரும், இடத்தை வாடகைக்கு விட்டவரும் ஒரே தெருக்காரர்களாக இருப்பதுதான் இங்கே சிக்கல்.

சண்டை முக்கியமாகச் சத்தத்தைப் பற்றியது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் அனுமதி. வணிகப் பகுதியில் 65, 55. சரி, முன்பக்கம் ரோட்டைப் பார்த்து பார், பின்பக்கச் சுவரை ஒட்டி வீடு என்றால் எந்தக் கணக்கு? பார்களோ இரவு 1 மணி வரை திறந்திருக்கலாம். பாட்டு காதில் விழாவிட்டாலும், 'தும் தும்' என்ற அதிர்வு கட்டில் வரை வரும் என்பது பகுதிவாசிகளின் புலம்பல்.

பார்களில் இசை நிகழ்ச்சி நடத்த போலீஸ் உரிமம் கட்டாயம் என்ற 2005-ம் ஆண்டு ஆணையை, 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதன்பின் நகரின் பல பார்களில் இசை நின்றது. அக்கம்பக்கத்தார் நிம்மதியாகத் தூங்கினார்கள். வார இறுதிக் கச்சேரியை நம்பி வாடகை கட்டிய கிட்டாரிஸ்ட்டுகளுக்குத்தான் தூக்கம் போனது.

ஆனால், எந்த உரிமமும் தொடாத சத்தம் ஒன்று இருக்கிறது. பார் மூடியபிறகு தெருவில் தொடங்குவது அது. அரை மணி நேரம் நீளும் 'பை பை', ஆட்டோ பேரம், வீட்டு கேட்டை மறித்து நிற்கும் காருக்கான ஹாரன். இதற்கு பார் பொறுப்பா, போலீஸ் பொறுப்பா? எல்லாப் பழியையும் பியர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. விடிந்ததும் அதே தெருக்களில் தோசைக்கு வரும் கூட்டத்துக்கும் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு உட்புறத் தெருக்களில் நடந்தால், பழைய இந்திரா நகர் கொஞ்சம் தெரியும். மழைமரங்கள், நாயோடு வாக்கிங் போகும் தாத்தா, கேட்டில் தொங்கும் பால் பை. கூடவே, காலியான பங்களா வாசலில் ஒரு போர்டு: 'வாடகைக்கு. வணிகப் பயன்பாட்டுக்கு மட்டும்.'