கை அசைந்தால் பாட்டு வரும்! யாருக்காக இந்த வாத்தியம்?

மீட்டினால்தான் வீணை ஒலிக்கும். ஊதினால்தான் நாதசுரம் ஒலிக்கும். தட்டினால்தான் மிருதங்கம் பேசும். ஆனால் மீட்டாமல், ஊதாமல், தட்டாமல், வெறும் கை அசைவிலேயே ஒலிக்கும் வாத்தியங்களும் உலகில் இருக்கின்றன.

மேல்நாடுகளில் இப்படிப்பட்ட கருவிகள் பல வந்துவிட்டன. ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு விரலை மடக்குகிறார், பாட்டு வருகிறது. ஒரு குழந்தை காமிராவுக்கு முன்னால் தலையை ஆட்டுகிறது, மேளம் ஒலிக்கிறது.

"இதெல்லாம் நாலு நாள் வேடிக்கை" என்கிறார்கள் சிலர். "இனி எல்லோரும் வித்வான்தான்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டில் எது சரி? கடந்த 100 ஆண்டுக் கதையைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

ருஷிய விஞ்ஞானி

இந்தக் கதை ருஷியாவில் தொடங்குகிறது. லெவ் தெர்மின் என்பவர் பெட்ரோகிராடு நகரில் இருந்த இளம் விஞ்ஞானி. 1920-ஆம் ஆண்டு வாக்கில், வாயுக்களை அளக்கும் கருவி ஒன்றை அவர் செய்துகொண்டிருந்தார். அதன் அருகே கையைக் கொண்டுபோனதும் ஓசை மாறியது. கையை நெருக்கினால் ஒரு சுரம். விலக்கினால் வேறு சுரம்! அவருக்குச் சங்கீதமும் தெரியும். உடனே அதை வாத்தியமாக மாற்றிவிட்டார். அதற்கு அவர் பெயரே நிலைத்தது: "தெரமின்".

அது எப்படி வேலை செய்கிறது? பெட்டிக்குள் இரண்டு மின் அதிர்வுகள் ஓடுகின்றன. ஒன்று மாறாதது. மற்றொன்று, கை நெருங்க நெருங்க மாறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நம் காதில் சுரமாகக் கேட்கிறது. வலது கை சுரத்தைக் கூட்டும், குறைக்கும். இடது கை ஓசையைக் கூட்டும், குறைக்கும்.

1922-இல் தெர்மின் இதை லெனினுக்கே வாசித்துக் காட்டினார். பிறகு அமெரிக்கா சென்றார். அங்கே ஆர்.சி.ஏ. என்ற பெரிய ரேடியோ கம்பெனி இதைச் செய்து 1929-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாய்க்குள் பாட்டை முணுமுணுக்கத் தெரிந்தவர் எவரும் இதை வாசிக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள்.

வாங்கியவர்களுக்கு உண்மை புரிந்தது. வீணையில் மெட்டுகள் உண்டு. விரல் வைக்க இடம் தெரியும். வயலினில் மெட்டு இல்லை. தொட்டுப் பார்க்கத் தந்தியாவது உண்டு. இதில் இரண்டுமே இல்லை. வெறும் காற்றில் சுரத்தைத் தேட வேண்டும்! அந்த ஆண்டே அமெரிக்காவில் பெரும் பண நெருக்கடியும் வந்தது. சுமார் 500 கருவிகளோடு உற்பத்தி நின்றது.

வயலினை இழந்த பெண்

விளம்பரம் தோற்ற இடத்தில் ஒரு பெண் வென்றார். அவர் பெயர் கிளாரா ராக்மோர். பிறந்தது 1911-இல். மிகச் சிறு வயதிலேயே வயலினில் மேதை என்று பெயர் வாங்கியவர். ஆனால் குழந்தைப் பருவத்தில் போதிய உணவு இல்லாததால் எலும்பு பலவீனமாகிவிட்டது. வில்லைப் பிடித்து வாசிக்க முடியாமல் போயிற்று. வயலினையே கைவிட நேர்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவர் தெர்மினைச் சந்தித்தார். தொடாமல் வாசிக்கும் வாத்தியம் அவருக்கு மறுவாழ்வு தந்தது. அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கிளாரா சும்மா இருக்கவில்லை. "இது போதாது" என்று கேட்டுக் கேட்டுத் திருத்தச் செய்தார். 3 ஸ்தாயி இருந்தது 5 ஸ்தாயி ஆயிற்று. கை அசைவுக்கு உடனுக்குடன் ஓசை மாறும்படி ஆயிற்று. விரல்களை மடக்கியும் நீட்டியும் சுரம் பிடிக்கும் முறையைக் கிளாரா தாமே வகுத்துக்கொண்டார்.

செய்தவர் விஞ்ஞானி, வாசித்தவர் கலைஞர். இருவரும் சேர்ந்து உழைத்ததால்தான் அந்தப் பெட்டி வாத்தியம் ஆனது. 1977-இல் கிளாராவின் இசைத்தட்டு வெளிவந்தபோது அவருக்கு 66 வயது!

நாட்டியமே வாசித்தது

1965-இல் நியூயார்க்கில் இன்னொரு சோதனை நடந்தது. இசைக் கலைஞர் ஜான் கேஜும், நாட்டியக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். மின்வாத்தியம் செய்வதில் புகழ்பெற்ற ராபர்ட் மூக் மேடையில் உலோகக் கம்பங்களை அமைத்துக் கொடுத்தார். நாட்டியக்காரர்கள் கம்பத்தை நெருங்கினால் ஓசை எழும்பியது. வாத்தியக்காரர்கள் அந்த ஓசைகளைக் கலந்து கொடுத்தார்கள்.

வழக்கமாகப் பாட்டுக்கு ஏற்ப ஆட்டம் இருக்கும். அங்கே ஆட்டமும் பாட்டை நடத்தியது! யாரோ ஒருவர் மட்டும் அதற்குச் சொந்தம் கொண்டாட முடியாது.

இரண்டு லட்சம் ரூபாய்க் கையுறை

இன்றைய நிலை என்ன?

இங்கிலாந்துப் பாடகி இமொஜன் ஹீப், 2010 வாக்கில் இசைக் கையுறை செய்யும் வேலையில் இறங்கினார். தனியாக அல்ல. எந்திர நிபுணர்கள், கம்ப்யூட்டர் நிபுணர்கள், துணி வடிவமைப்பவர்கள் என ஒரு குழுவே சேர்ந்தது. விரல் மடங்குவதையும் கை திரும்புவதையும் கையுறை கண்டறிந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும். எந்த அசைவுக்கு எந்த ஓசை என்பதை வாசிப்பவரே முடிவு செய்யலாம்.

கிறிஸ் ஹால்பின் என்ற இங்கிலாந்துக் கலைஞருக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நாளாக நாளாக கிதார் வாசிப்பது அவருக்குக் கடினமாகிவிட்டது. இந்தக் கையுறை அவரை மறுபடி மேடையில் ஏற்றியது. கிளாராவின் கதையே மறுபடி நடந்தது போல் இல்லையா?

ஆனால் விலை? 2014-இல் 2 லட்சம் பவுன் திரட்டப் பொதுமக்களிடம் கேட்டார்கள். அந்த இலக்கு எட்டவில்லை. 2019-இல் கடைக்கு வந்தபோது ஒரு ஜோடி சுமார் 2,500 பவுன். நம் பணத்தில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல்! கை முடங்கிய குழந்தையின் ஏழைத் தகப்பனார் இதை எப்படி வாங்குவார்?

இலவசமாக ஒரு வழி

இதற்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். பாலின் ஒலிவெரோஸ் என்பவர் பெயர்பெற்ற இசைக் கலைஞர். 2007-இல் அவரும் நண்பர்களும், உடலை அதிகம் அசைக்க முடியாத குழந்தைகளுக்காக ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டைச் செய்தார்கள். தனிக் கருவி எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டரில் உள்ள காமிராவே போதும். தலை சிறிது அசைந்தாலும் அதைப் பார்த்து ஓசை எழுப்பும். அந்தக் குழந்தைகளோடு பழகிய சிகிச்சையாளரும் பக்கத்திலிருந்து வழி சொன்னார். இதை இலவசமாகவே கொடுத்தார்கள்.

கம்பெனி கைவிட்டால்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2010-இல் மைக்ரோசாப்ட் கம்பெனி, உடல் அசைவைக் கண்டறியும் "கினெக்ட்" என்ற காமிராவை விளையாட்டுக்காக வெளியிட்டது. 60 நாளில் 80 லட்சம் விற்றது! பல நாட்டு இசைக் கலைஞர்களும் அதை வைத்துப் புதுப்புது இசை செய்தார்கள். 2017-இல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதையே நம்பிப் பழகியவர்கள் என்ன செய்வார்கள்?

தெரமின் இன்றும் ஒலிக்கிறது. காரணம், அதன் அமைப்பு எளிது. மின்சார வேலை தெரிந்தவர் அதைத் தாமே செய்துகொள்ளலாம், பழுதும் பார்த்துக்கொள்ளலாம். ராபர்ட் மூக் கூட இளமையில் தெரமின் செய்து விற்றுத்தான் தொழிலைத் தொடங்கினார்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே, "நாலு நாள் வேடிக்கை" என்பதும் தவறு. "எல்லோரும் வித்வான்" என்பதும் தவறு. பயிற்சி இல்லாமல் எந்த வாத்தியமும் வசப்படாது. ஆனால் பயிற்சி செய்ய வாய்ப்பே இல்லாதவருக்கு இவை கதவைத் திறக்கின்றன.

புதுக் கருவி வரும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வாசிக்கப் போகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தார்களா? சாதாரணப் பள்ளிக்கூடம் அதை வாங்க முடியுமா? பத்து ஆண்டு கழித்தும் பழுது பார்க்க முடியுமா?

மூன்றுக்கும் "ஆம்" என்ற பதில் வந்தால், ஒரு விரலை மட்டுமே அசைக்க முடிந்த குழந்தையும் நாளை கச்சேரியில் பங்கு பெறும். இல்லாவிட்டால் அந்தக் குழந்தை கடைசி வரை கேட்பவர் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும்.