ஒரு நாள் லீவு எடுத்தால் விவசாயம் கெட்டுவிடுமா?

''நாங்கள் இரண்டு ஏக்கரில் நெல், உளுந்து செய்கிறோம். கறவை மாடு இரண்டு இருக்கிறது. மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். ஜூன் மாதம் கல்லூரிக்கு வெளியூர் போய்விடுவாள். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி தவிர நாங்கள் நாலு பேரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. ஊட்டி, கொடைக்கானல் போக வசதியில்லை. காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்புகிற மாதிரி ஓர் இடம் சொல்லுங்கள். 'மாட்டை யார் பார்ப்பது? ஊர் சுற்றினால் சோறு வருமா?' என்று கேட்கிறார் என் வீட்டுக்காரர். அவருக்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்.''

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, லால்குடி.

சகோதரி, முதலில் உங்கள் வீட்டுக்காரர் கேள்விக்கே வருகிறேன். மாட்டை விட்டுவிட்டுப் போக முடியாது என்று அவர் சொல்வது நியாயம்தான். ஆனால், அதற்கு வழி இருக்கிறது. நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரரிடம் சாயங்காலக் கறவையை ஒப்படையுங்கள். புதுக் கை பட்டால் மாடு பாலை அடக்கும். அதனால் இரண்டு நாள் முன்பே, நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது அவரைக் கறக்கச் சொல்லிப் பழக்குங்கள். தீவனம், தண்ணீர் அளவைச் சொல்லி வையுங்கள். அவர் வீட்டில் விசேஷம் வரும்போது அவர் மாட்டை நீங்கள் கறந்து கொடுங்கள். கணக்கு நேராகிவிடும்.

பங்குனிக் கடைசியில் உளுந்து அடித்து மூட்டை கட்டியதும், கொஞ்ச நாள் கை ஓயும். மரமெல்லாம் துளிர்த்து, வேம்பு பூத்துக் கிடக்கும் இளவேனில் காலம். கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடியுங்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் மயில், ஓவியம், பூந்தோட்டம் மூன்றையும் பார்த்துவிட்டு வரலாம்.

விடியற்காலை கறவை முடிந்ததும் கிளம்பினால் ஏழு மணிக்கெல்லாம் விராலிமலை. திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில், திருச்சியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். முருகனுக்குச் சுருட்டு படைக்கிற ஊர். மயிலுக்கும் பேர் போனது. வெயில் ஏறிவிட்டால் மயில் நிழலில் ஒதுங்கிவிடும். காலையிலேயே போனால்தான் பாறையிலும் மரத்திலும் பார்க்கலாம். இந்தக் காலத்தில் ஆணுக்குத் தோகை நிறைந்திருக்கும்.

'விதைச்ச கடலையைக் கிளறித் தின்கிற மயிலை, பஸ் ஏறிப் போய்ப் பார்க்கணுமா?' என்று சிலர் கேட்பீர்கள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். ஆனால், வயலில் அதை விரட்டத்தான் நமக்கு நேரம் இருக்கிறது, கவனிக்க நேரமில்லை. அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எந்த நேரத்தில் இரை தேடுகிறது, எந்தப் பக்கமிருந்து இறங்குகிறது, எதைக் கண்டு ஒதுங்குகிறது என்பது பிடிபடும். விதைத்த புதிதில் எப்போது காவல் நிற்க வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரியும். மயில், பூச்சி புழுவையும் தின்கிறது. கோபத்தில் தானியத்தில் விஷம் கலந்து வைப்பது, 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடுமையான குற்றம். அந்தத் தானியத்தை நம் வீட்டுக் கோழியும் கொத்தும் என்பதை மறக்க வேண்டாம்.

விராலிமலையிலிருந்து இலுப்பூர், அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டை போகும் சாலையில் வருவது சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். பாறை சுடுவதற்கு முன், பத்து மணிக்குள் போய்ச் சேருங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும்.

மலைப்பாறையைக் குடைந்த சமணக் கோயில் அது. உள்ளே விதானத்தில் 9-ம் நூற்றாண்டு ஓவியம் இருக்கிறது. தாமரைக்குளம், அதில் மீன், பறவை, யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். பெரும்பகுதி அழிந்துவிட்டது. மிச்சமிருப்பதே கண்ணை நிறைக்கும். கை வைக்காமல் பாருங்கள். மலை மேலே ஏழடிப்பட்டம் என்ற குகையில், துறவிகள் படுத்த 17 கல் படுக்கைகள் இருக்கின்றன. அங்கே இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ் எழுத்தும் உண்டு. மகளை அதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் என் கதை ஒன்று. நான் புதுக்கோட்டையில் படித்தபோது, ஹாஸ்டல் பணம் கட்ட அப்பா வந்தார். ஊருக்கு பஸ் சாயங்காலம்தான். பொழுது போகட்டும் என்று சித்தன்னவாசல் கூட்டிப்போனேன். 'இதுல என்னடா இருக்கு' என்றபடி உள்ளே வந்தவர், அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். ''எருமை தண்ணிக்குள்ள எப்படிச் சுகமா நிக்குது பார். மாடு மேய்ச்சவன்தான்டா இதை வரைஞ்சிருக்கணும்'' என்றார். வெளியே வந்து பாறை நிழலில் உட்கார்ந்து, அவர் சின்ன வயதில் எருமை மேய்த்த கதையெல்லாம் சொன்னார். அதற்கு முன்பு எனக்கு அவர் அதைச் சொன்னதே இல்லை. வேலை எதுவும் இல்லாமல் அப்பாவும் நானும் சேர்ந்து இருந்தது அந்த ஒரு பகல்தான். அடுத்த வருஷமே அவர் போய்விட்டார். 'ஊர் சுற்றினால் சோறு வருமா' என்று கேட்கிற உங்கள் வீட்டுக்காரரிடம் இதை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

மதியம் புதுக்கோட்டை. கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, திருக்கோகர்ணத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டால் உச்சி வெயில் தெரியாது. 1910-ல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால்தான் ஞாயிறு தோது என்றேன்.

திரும்பும் வழியில், ஸ்ரீரங்கம் பக்கம் மேலூரில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 25 ஏக்கரில் வண்ணத்துப்பூச்சி பூங்கா இருக்கிறது. 2015-ல் திறந்தார்கள். நுழைவுச் சீட்டு விற்பதை நிறுத்துவதற்குள் போய்விடுங்கள். அங்கே பூச்செடி மட்டுமல்ல, புழு தின்பதற்கென்றே வளர்க்கிற செடிகளும் உண்டு. நாம் களை என்று பிடுங்கும் எருக்கில் வளர்வது வெந்தய வரியன். ஆடுதின்னாப்பாளையை நம்பி வாழும் வண்ணத்துப்பூச்சியும் இருக்கிறது. வரப்பில் நாலு எருக்கை விட்டு வைத்தால் என்ன என்று திரும்பும்போது தோன்றும்.

நாலு பேருக்கும் பஸ் கட்டணம், நுழைவுச் சீட்டு, டீ, வடைதான் செலவு. வேன் வைப்பதானால் இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

''வீட்டில் வைத்த எலுமிச்சைக் கன்றில் இலையையெல்லாம் புழு தின்கிறது. பறவை எச்சம் போல இருக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?''

- ஒரு வாசகர், துறையூர்.

மேலே சொன்ன பூங்காவில் பறப்பதில் ஒன்றுதான் உங்கள் வீட்டிலும் வளர்கிறது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி, தளிர் இலையில் ஒவ்வொரு முட்டையாக வைக்கும். புழு சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவும், வளர்ந்ததும் பச்சையாகவும் தெரியும். சிறு கன்றுக்கு இது ஆபத்து, மொட்டையடித்துவிடும். தினமும் காலையில் பார்த்துக் கையால் எடுத்தாலே போதும். நிறைய இருந்தால் 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு கணக்கு. இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, மாலையில் அடிக்க வேண்டும். வளர்ந்த மரமாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், நாலு இலை போனால் மரம் தாங்கும். எடுத்த புழுவில் ஒன்றிரண்டை, காற்றுப் போகும் டப்பாவில் எலுமிச்சை இலையோடு போட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். இலை வாடினால் மாற்றச் சொல்லுங்கள். அது கூடு கட்டிச் சிறகு விரிப்பதைப் பார்க்க, அவர்களுக்கு பஸ் செலவுகூட வேண்டாம்.