ஏற்றத்துக்கு ஒரு பெரிய பல்சக்கரம்

மலை சைக்கிளின் பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக இருக்கும் பல்சக்கரங்களில் ஆகப் பெரியதுதான் ஏற்றத்துக்கானது. அதில் பல் கூடக் கூட, பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி நகரும் தூரம் குறைகிறது. மிதிக்க வேண்டிய அழுத்தமும் அதே அளவுக்குக் குறைகிறது. விழுப்புரத்திலிருந்து விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாகத் திண்டிவனம் போகும் நெடுஞ்சாலையில் மேம்பாலங்களை விட்டால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்குப் பெரிய பல்சக்கரம் வீண் செலவு. கூட்டேரிப்பட்டில் திரும்பி மயிலம் முருகன் கோயில் குன்றுக்குப் போகிறவருக்கு அதன் அருமை தெரியும். கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிறவருக்கோ அது இல்லாமல் முடியாது. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, இப்போது கள்ளக்குறிச்சியோடு சேர்ந்துவிட்ட கல்வராயன் மலைச் சாலை அது.

கடைக்குப் போகும் முன் தெரிய வேண்டியது, பின்னால் இருப்பது ஹப்பில் செருகும் கேசட்டா, மரையில் திருகும் ஃப்ரீவீலா என்பது. எல்லாவற்றையும் கேசட் என்று சொல்லும் வழக்கம் இருந்தாலும், விலை குறைந்த 21 கியர் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஃப்ரீவீல். சக்கரத்தைக் கழற்றி, பற்களைப் பின்பக்கமாகச் சுற்றிப் பார்த்தால் போதும். அச்சையொட்டி உள்ளே தெரியும் வரிப்பள்ளங்கள் பற்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். ஃப்ரீவீலைக் கழற்ற அந்தப் பள்ளத்தில் பொருந்தும் தனிக் கருவி வேண்டும். கியர் இல்லாத சைக்கிளுக்குச் செய்வதுபோல உளி வைத்துத் தட்டினால் வரிப்பள்ளம் சிதைந்துவிடும், பிறகு எந்தக் கருவியும் பிடிக்காது. கருவியை வைஸில் இறுக்கி, சக்கரத்தை அதன்மேல் கவிழ்த்து, பஸ் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல டயரை இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கமாகத் திருப்புவதுதான் சரியான முறை. மிதிக்க மிதிக்க இறுகியிருக்கும் மரை என்பதால் முதல் அசைவுக்கு நல்ல பலம் தேவைப்படும்.

ஏழு அடுக்கு ஃப்ரீவீல்களில் பரவலாகக் கிடைக்கும் ஒன்றின் பற்கள் 14, 16, 18, 20, 22, 24, 28. மலைக்கென்று வரும் இன்னொன்றில் முதல் ஆறும் அதேதான். கடைசி மட்டும் 34. முன்னால் 24 பல் இருக்கும் 26 அங்குல வண்டியில், 28-க்குப் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 1.77 மீட்டர் நகரும், 34-க்கு 1.46 மீட்டர். மிதி ஏறக்குறைய 18 சதவீதம் இலேசாகிறது. இதற்கு விலையும் உண்டு. 24-லிருந்து 34-க்குச் செயின் ஒரே தாவாகத் தாவ வேண்டும். ஏற்றத்தின் நடுவில் முழுப் பலத்தோடு மிதித்தபடி மாற்றினால் செயின் கடகடவென்று அரைபடும். ஏற்றம் தொடங்கும் முன்பே, மிதியை இலேசாக்கி மாற்றிவிட வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டிரெய்லியர். ஷிமானோ டூர்னி டிஒய்300 போன்றவை 34 பல் வரை தாங்கும். செயின் தொய்வை 43 பல் அளவுக்கு இழுத்துக்கொள்ளும். முன்னால் 42-24, பின்னால் 34-14 என்றால் வித்தியாசங்களின் கூட்டு 18-ம் 20-ம் சேர்ந்து 38. ஆக, இடமிருக்கிறது. 28 பல்லுக்கு மட்டும் செய்யப்பட்ட டிரெய்லியரில் 34-ஐ மாட்டினால் மேல் உருளை பல்லில் உரசும்.

அலட்சியம் செய்யக் கூடாதது செயினின் நீளம். பழைய பல்லுக்கு வெட்டிய செயின் புதியதற்குக் குட்டையாக இருக்கலாம். முன்னும் பின்னும் பெரிய பல்லில் போட்ட நொடியில் அது விறைத்து, டிரெய்லியரைப் பிய்த்து ஆரைகளுக்குள் இழுத்துவிடும். செயினை டிரெய்லியருக்குள் நுழைக்காமல் இரண்டு பெரிய பற்களையும் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி கூட்டி வெட்டுவது நெடுநாள் முறை. பழைய செயினில் 24 கண்ணியை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும்; அரைக்கால் அங்குலம் கூடினால், புதுப் பல்லை அது சீக்கிரம் தேய்த்துவிடும். அப்போது புதுச் செயின்தான் வழி.

கேசட் உள்ள வண்டிக்கு வேறு வரலாறு உண்டு. 2012-இல் ஸ்ராம் நிறுவனம் முன்னால் ஒற்றைப் பல்சக்கரமும் பின்னால் 10 முதல் 42 வரையும் கொண்ட எக்ஸ்எக்ஸ்1 அமைப்பைக் கொண்டுவந்தது. பத்து அடுக்கு வண்டி வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்து, 11-36 கேசட்டின் பின்னால் 42 பல் வட்டு ஒன்றைத் தனியாகச் சேர்த்தார்கள். இடம் போதாததால் 15, 17 இரண்டையும் எடுத்துவிட்டு ஒரு 16-ஐ வைப்பார்கள். 2016-இல் 50 பல்லும், 2018-இல் ஷிமானோவின் 51-ம் முழுக் கேசட்டாகவே வந்தபின் அந்த ஒட்டுவேலைக்கு அவசியம் குறைந்தது. இன்று புதிதாகச் செய்கிறவர் தன் டிரெய்லியர் தாங்கும் முழுக் கேசட்டை வாங்குவதே மேல்.

ஃப்ரீவீலை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும். மரை கோணிவிட்டால் ஹப் பாழ். பிறகு டிரெய்லியரின் பின்புறத் திருகை உள்ளே முடுக்கி, மேல் உருளைக்கும் பெரிய பல்லுக்கும் இடையே 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். செயின் ஆரைப் பக்கம் விழாமல் தடுக்கும் ‘எல்’ திருகையும் சரிபார்க்க வேண்டும். முதல் ஏற்றத்தில் ஃப்ரீவீல் இன்னும் கொஞ்சம் இறுகி உள்ளே போகும் என்பதால், ஒருமுறை ஏறி இறங்கியபின் இரண்டு திருகையும் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.