நிச்சயம் என்று யார் சொன்னது?

மற்ற வைத்தியமெல்லாம் கைவிட்டாலும் ஐ.வி.எஃப். செய்துகொண்டால் பிள்ளை நிச்சயம் என்ற நம்பிக்கை ஊர் ஊராக வேரூன்றியிருக்கிறது. “டெஸ்ட் டியூப் பண்ணிட்டா கண்டிப்பா கிடைச்சிடும்” என்கிறார்கள் உறவினர்கள். விளம்பரப் பலகைகள் அதையே கொழுகொழு குழந்தைப் படத்தோடு சொல்கின்றன. சிகிச்சை நடக்கும் விதத்தை வரிசையாகப் பார்த்தாலே இந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும்.

இயல்பாக மாதத்துக்கு ஒரு கருமுட்டைதான் முதிரும். சிகிச்சையில் பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை ஒருசேர வளர்க்கிறார்கள். முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசிக்குப் பின் ஏறத்தாழ 36 மணி நேரத்தில், மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி அவற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். இழப்பு இங்கேயே தொடங்குகிறது. 10 முட்டை கிடைத்தால் முதிர்ந்தவை 8 இருக்கலாம். அவற்றை ஆய்வகத் தட்டில் விந்தணுக்களோடு விட்டுவைத்தாலும் (குழாய் என்பதெல்லாம் பெயருக்குத்தான்), ஒற்றை விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையைக் கையாண்டாலும், கருவாவது ஐந்தோ ஆறோ. ஐந்தாம் நாள்வரை தாக்குப்பிடிப்பது இரண்டோ மூன்றோ. அதிலொன்றைக் கருப்பைக்குள் வைத்த பிறகு அது ஒட்டி வளருமா என்பது எந்த மருத்துவர் கையிலும் இல்லை.

கரு நின்றுபோவதற்குப் பெருங்காரணம் குரோமோசோம் எண்ணிக்கையில் நேரும் பிசகு. பெண் பிறக்கும்போதே முட்டைகளும் உடன் பிறந்துவிடுகின்றன. 40 வயதுப் பெண்ணின் முட்டைக்கும் வயது 40. வயது ஏற ஏறப் பிசகும் கூடும். ஊசி, கைக்குக் கிடைக்கும் முட்டைகளைக் கூட்டுமே தவிர, அவற்றின் வயதைக் குறைக்காது. பிரிட்டனின் கருத்தரிப்புச் சிகிச்சை ஒழுங்காணையத்தின் புள்ளிவிவரப்படி, சொந்த முட்டையிலிருந்து உருவான ஒரு கருவை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குட்பட்டவர்களுக்கே மூன்றில் ஒன்று அளவுதான். 43, 44 வயதில் நூற்றுக்கு ஏறத்தாழ 5. ஐம்பதை நெருங்கித் தாயானவர்களைப் பற்றிய செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இளம்பெண் ஒருவர் தானமாகத் தந்த முட்டை. செய்தி அந்த இடத்தில் மட்டும் வாய் திறப்பதில்லை.

விளம்பரச் சதவீதங்களின் சூட்சுமமும் இப்படிச் சொல்லாமல் விடுவதில்தான் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனதையே வெற்றி என்று எண்ணலாம். ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்ததை எண்ணலாம். உயிரோடு பிறந்த குழந்தையையும் எண்ணலாம். மூன்றும் மூன்று கணக்கு. ஊசி போடத் தொடங்கிய அத்தனை பேரின் எண்ணிக்கையால் வகுக்காமல், கரு வைக்கும் கட்டம்வரை வந்தவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்தால் சதவீதம் தானாக உயர்ந்துவிடும். தம்பதி கேட்டறிய வேண்டியது ஒன்றுதான்: தங்கள் வயதில் சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேர் குழந்தையோடு வீடு திரும்பினார்கள்?

இந்த முறையின் பிறப்பே தோல்விகளின் நடுவேதான். 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாமில் முதல் ஐ.வி.எஃப். குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்ததை உலகம் கொண்டாடியது. இந்த முறையை உருவாக்கிய ஸ்டெப்டோ, எட்வர்ட்ஸ், ஜீன் பர்டி ஆகியோரின் முயற்சிக்கு அங்கே உடன்பட்ட பெண்கள் 282 பேர். அவர்களில் கருவுற்றவர் 5 பேர், உயிரோடு பிறந்த குழந்தைகள் இரண்டே. முறை இன்று எவ்வளவோ தேறிவிட்டது. ஆனால் ‘நிச்சயம்’ என்ற சொல்லை அன்றும் இன்றும் அது சம்பாதிக்கவில்லை.

அந்தச் சொல்லின் பாரம் கடைசியில் பெண் தலையில்தான் விழுகிறது. குறை கணவனின் விந்தணுவில் இருந்தாலும் ஊசி ஏறுவது அவள் உடம்பில். நிச்சயம் பலிக்க வேண்டியது பலிக்காவிட்டால் பழியும் அவளுக்கே: படி ஏறினாள், ஆட்டோவில் போனாள், படுத்தே கிடக்கவில்லை. கரு வைத்தபின் படுக்கையில் கிடப்பதால் வாய்ப்பு கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கருப்பையின் இரு சுவர்களும் ஒன்றையொன்று ஒட்டியே இருப்பவை. நடுவே வைத்த கரு, எழுந்து நடந்தால் நழுவி விழும் பொருளல்ல.