கடைந்த கையின் பெயர்

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் குன்றின்மேல் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை உள்ளது. சமண முனிவர்க்கென அங்கு வெட்டப்பட்ட கற்படுக்கைகளுள் ஒன்றில் தமிழி எழுத்தில் அமைந்த கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைமையுடைய அது, குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபோசில் இளையர் இருக்கை செய்தளித்த செய்தியைக் கூறுகிறது. இளையர் என்பார் தாமே உளி பிடித்தவரா, பொருள் கொடுத்துச் செய்வித்தவரா என்பதை அறிஞர் ஆராயலாம். பெற்றவர் பெயருக்கு அருகில் ‘செய்த’ என்னும் சொல்லும் அதற்குரிய பெயரும் இடம்பெற்றிருப்பதே இங்குக் கருதத்தக்கது.

எழுதுகருவிகளின் உலகில் அத்தகைய இடம் இன்று யாருக்குக் கிடைக்கிறது? அயல்நாடுகளில் மரக்கடைசல் பொருள்களை விற்கும் நிறுவனங்கள் படங்களுடன் கூடிய விலைப்பட்டியல்களை வெளியிடுகின்றன. பித்தளைக் குழல், முள், செருகி முதலிய உறுப்புகள் அவற்றில் தொகுப்பாக விற்கப்படும். வாங்குவோரை ஈர்ப்பதற்காக, அவ்வுறுப்புகளைப் பொருத்திக் கருங்காலியிலோ ஈட்டியிலோ கடைந்து முடித்த பேனாக்களின் படங்கள் அச்சிடப்படும். படத்தின்கீழ்ப் பொருளின் எண்ணும் விலையும் தெளிவாக இருக்கும். கடைந்தவரின் பெயரையோ தேடித்தான் காண வேண்டும். பட்டியலை விற்பது அவருடைய கைத்திறன். பட்டியலில் இடம் இல்லாதவரும் அவரே.

இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. கடைசல் தமிழர்க்குப் பழகிய தொழில். தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் வினை ஒன்றே. கட்டிற்கால், பம்பரம், நடைவண்டியின் உருளை எனக் கடைசற்காரர் கைபடாத வீடு ஒரு காலத்தில் அரிது. அக்கைத்திறன் பேனாவுக்கும் வந்தது. திருவள்ளூரில் ‘ரங்கா’ என்னும் பெயரில் ஒரு குடும்பத்தார் கடைந்தெடுக்கும் பேனாக்கள் கடல் கடந்தும் விற்பனையாகின்றன.

அவற்றுள் பெரும்பாலானவை எபோனைட்டால் ஆனவை. இயற்கை ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கினால் மரம்போல் இறுகிய பொருள் கிடைக்கும். கருங்காலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வந்தது. அக்கோலை அளவாக அறுத்துக் கடைசற்பொறியில் பூட்டிச் சுழல விட்டு, உளியால் மெல்லச் சீவுவர். கந்தக மணம் எழும். உடல் குடைந்தபின் மூடிக்கும் உடலுக்கும் மரை வெட்ட வேண்டும். மரை சற்றே தளர்ந்தால் மை கசியும். சற்றே இறுகினால் மூடி விரிசல் காணும். கையால் வெட்டிய மரை என்பதால் ஒரு பேனாவின் மூடி மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. முள்ளின் அடியில் மையைக் கடத்தும் கட்டையில் இடும் மெல்லிய பள்ளமே எழுத்தின் ஓட்டத்தை முடிவு செய்கிறது. இயற்பியலில் நுண்புழை நுழைவு என்று மாணவர் கற்பதை, கடைசற்காரர் விரல்நுனியால் அறிந்திருக்கிறார். இறுதியில் மெருகேற்றும்போதுதான் கோலுக்குள் ஒளிந்திருந்த கருமையும் வரிகளும் வெளிப்படும்.

இத்தகைய வேலைக்கு ஒரு காலத்தில் உரிய மதிப்புக் கிட்டியதுண்டு. ஆந்திரத்து இராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் உருவாக்கிய பேனாவை, அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தின் ஜே.சி. குமரப்பா வழியாகப் பெற்றுப் பயன்படுத்திய காந்தியடிகள், 1935 இல் அவருக்கு நன்றி தெரிவித்து மடல் எழுதினார். கடைத்தெருவில் விற்கும் அயல்நாட்டுப் பேனாவுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுவதாக அம்மடலில் குறித்தார். அம்மடல் ஒரு நிறுவனத்துக்குச் செல்லவில்லை, செய்தவர் பெயருக்குச் சென்றது. இடையில் நின்ற குமரப்பா தஞ்சையில் பிறந்த தமிழர் என்பது உடன் நினைக்கத்தக்கது.

சில ரூபாய்க்குக் கிடைக்கும் பந்துமுனைப் பேனா ஏழைக் குழந்தையின் கையிலும் எழுத்தைக் கொண்டு சேர்த்தது. அதைப் பழிப்பது அறமன்று. எல்லாரும் கைவினைப் பேனாவையே வாங்க வேண்டும் என்பதும் நடவாத பேச்சு. ஆனால் கைவினை என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கும்போது, அந்தக் கை யாருடையது என்று கேட்பதில் தவறில்லை. பெயர் அறியப்படாத தொழிலாளியை மாற்றிவிட்டு வேறொருவரை அமர்த்துவது வணிகருக்கு எளிது. ‘இன்னார் கடைந்தது’ என்று வாங்குவோர் தேடி வரத் தொடங்கினால், கூலியைப் பேசும் வலிமை அவருக்கு உண்டாகும். ஆகவே பெயர் பொறிப்பதைப் புகழாசை என்று ஒதுக்கலாகாது. அது கூலியோடு தொடர்புடையது. அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் கடைசலர் பிரிவில் சேரும் மாணவர் ஒருவர், தொழிற்சாலை வேலையோடு இத்தொழிலையும் ஒரு வழியாக எண்ணிப் பார்ப்பதும் பெரிதும் அதைப் பொறுத்தது.

புவிசார் குறியீடு இதற்குப் போதாதா எனலாம். 1999 இல் இயற்றப்பட்டு 2003 இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் ஊரின் பெயரைக் காக்கிறது. தஞ்சாவூர் வீணை என்ற பெயரைப் பிற ஊரார் சூட்டிக்கொள்ள இயலாது. அது நன்றே. எனினும் பலாமரத்தைக் குடைந்தவர் பெயரை அக்குறியீடு சொல்வதில்லை. பேனாப் பெட்டிக்குள் கடைந்தவர் பெயரெழுதிய சிறு சீட்டை வைப்பதற்கோ சட்டமும் வேண்டா, பெருஞ்செலவும் வேண்டா.

ஒரு பேனாவில் அறுப்பவர், கடைபவர், முள் பொருத்துபவர் எனப் பலர் கைபடுகிறதே, எத்தனை பெயரை எழுதுவது என்று விற்போர் வினவக்கூடும். பேனா கடையும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் திருவாலங்காடு உள்ளது. 1905 இல் அங்குக் கிடைத்த முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடு 31 ஏடுகளைக் கொண்டது. சோழர் குலத்தின் பெருமையை விரித்துரைத்த அந்தச் செப்பேட்டின் முடிவில், அதைப் பொறித்த காஞ்சிபுரத்துக் கைவினைஞர்களின் பெயர்களும் விடுபடாமல் எழுதப்பட்டுள்ளன. அவர்கள் ஒருவர் அல்லர், பலர்.